கூடைக்காரி இன்னும் வீடு சேரவில்லை

உலகம் அழியப்போகிறது என்று தாடிக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆற்றங்கரையில் குனிந்து காளான் பறித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு டிவியில் தினமும் சாயங்காலம் நடந்த கூத்து இது. மகள் வெளியூரில் வேலை கிடைத்துப் போகும்போது தன்னுடைய கேம் பெட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். "அப்பா நாள் பூரா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. அதுக்கு இதையாவது பார்க்கட்டும்மா" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது என் காதில் சொன்னாள். பெட்டிக்குள் மலையும் காடும் கடலுமாக ஒரு பெரிய உலகம் இருந்தது. வானத்தில் இரண்டு நிலா. ஆடுவது ஒரே ஆள். துணைக்கு யாரும் வரமாட்டார்கள். மலைக்கு அடியில் ஒரு ராட்சசன் தூங்குகிறான், அவன் விழித்துக்கொண்டால் எல்லாம் போச்சு, அதற்குள் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும் என்பது கதை. தாடிக்காரரின் கூச்சல் அதற்குத்தான்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே ஒரே ரூட்தான், ரயில் நிலையத்திலிருந்து மேட்டுக் குடியிருப்பு வரை. ஏறுகிறவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் இவரே ஒரு பெயர் வைத்திருந்தார். கொட்டாவி, ரெண்டு பை, மாப்பிள்ளை, பச்சைக்குடை. "இன்னைக்கு மாப்பிள்ளை ஒரு பொண்ணோட ஏறினான்" என்று சாப்பிடும்போது ஆரம்பித்தால் தட்டு காய்ந்துபோகும் வரை நிறுத்த மாட்டார். நான் எரிந்து விழுவேன். அப்புறம் நானே, "சரி, என்னாச்சு?" என்று கேட்பேன்.

பனி மூடிய ஒரு காலையில், இறக்கத்தில், சாலை நடுவே ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இவர் பிரேக் போட்டார். இறங்கிப் பார்த்தால் குழந்தை இல்லை, ஏதோ லாரியிலிருந்து விழுந்த பழந்துணி மூட்டை. அதற்குள் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த பச்சைக்குடை அம்மாவுக்குக் கீழே விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விசாரணை நடந்தது. டிரைவர் மேல் தப்பில்லை என்று சொன்னார்கள். சொன்ன எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்தான், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒருநாள் மதியம் வாடிக்கையாளர்களோடு வாடிக்கையாளராக இவரும் வந்து உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் இருட்டறைக்குள் வந்து நாற்காலியில் அமர்ந்தார்.

"என் கண்ணைப் பாரு."

பார்த்தேன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி வச்சது தெளிவா?" என்று எல்லோரிடமும் கேட்பதை இவரிடமும் கேட்டேன். கடைசி வரியின் பொடி எழுத்து வரை தடுமாறாமல் படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றேன். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் முகம் தொங்கிப்போனது.

"நல்லா பாரு. மூட்டையைக் குழந்தைன்னு பார்த்த கண்ணு இது."

இன்னொரு தடவையும் பார்த்தேன். கொஞ்சம் குறை இருந்திருக்கக்கூடாதா என்று எனக்கே தோன்றிவிட்டது. குறை என்றால் கண்ணாடி போட்டுச் சரிசெய்துவிடலாமே.

கேமை ஆரம்பத்தில் இவர் கடனே என்றுதான் ஆடினார். திரையில் ஒரு அம்புக்குறி வழி காட்டும். அது காட்டுகிற இடத்துக்கு ஓடுவார், எதையாவது வெட்டுவார், எதையாவது தூக்கிக்கொண்டு வந்து தாடிக்காரரிடம் கொடுப்பார். அவர் ஒரு நன்றி சொல்லாமல் அடுத்த இடத்தைக் காட்டுவார். கொஞ்ச நாளில் மகளிடம் போனில் சலித்துக்கொண்டார்.

"டூட்டி பார்க்கிற மாதிரியே இருக்கும்மா. டூட்டியிலயாவது நடுவுல டீ குடிக்க விடுவாங்க."

"அப்பா, முதல்ல அந்த அம்புக்குறியை ஆஃப் பண்ணுங்க. மேப்பையும் எடுத்துடுங்க. பட்டனை அமுக்கி ஊர்விட்டு ஊர் தாவுறீங்க இல்ல, அதையும் விட்டுடுங்க. நடந்து போங்க."

"நடந்து போனா எப்ப போய்ச் சேர்றது? அந்த ராட்சசன் முழிச்சுக்குவானே?"

"முழிக்கவே மாட்டான்ப்பா. நீங்க போற வரைக்கும் தூங்கிக்கிட்டேதான் இருப்பான். வருஷக்கணக்கானாலும் தூங்குவான். அந்தத் தாத்தா சும்மா பயமுறுத்துறாரு."

இவர் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அவசரமே இல்லையா?"

"துளிகூட இல்ல. உங்களுக்குப் பிடிச்ச வேலை ஒண்ணை நீங்களே வச்சுக்குங்க. அப்புறம் பாருங்க, விட மனசு வராது."

பிடித்த வேலை என்று இவருக்கு வேறு என்ன தெரியும்? மறுநாள் நான் கடையிலிருந்து வந்து பார்த்தால் மனுஷன் அந்த மாய உலகத்தில் பஸ் ரூட் போட்டு வைத்திருந்தார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாவு அரைக்கும் காற்றாலையில் புறப்பாடு. அடுத்து தூங்குமூஞ்சிப் பாலம், ஏரிக்கரை, புகை வீடு, ஒற்றை மரம். கடைசி ஸ்டாப் கலங்கரை விளக்கம். அந்த உலகத்தில் விடியும்போது நடக்க ஆரம்பிப்பார். ஒவ்வொரு இடத்திலும் சற்று நின்று, யாராவது ஓடி வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். யாரும் வரமாட்டார்கள். மறுபடி நடப்பார். இரண்டு நிலாவும் கடலுக்கு மேலே வந்து நிற்கும் நேரத்துக்குக் கலங்கரை விளக்கம் வந்துவிடும். மறுநாள் அதே வழியில் திரும்புவார்.

"ஆளே இல்லாத ஊர்ல யாருக்குங்க பஸ் விடுறீங்க?"

"வந்து உட்காரு. சும்மா நின்னுக்கிட்டு வழியை மறைக்காத."

டீயோடு போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் துணி மடிக்கப் போகலாம் என்றிருந்தேன். அன்றைக்குத் துணி மடிக்கவில்லை.

அந்த ஊரில் மலை மூச்சு விடும். ராட்சசன் உள்ளே தூங்குகிறானில்லையா, அதனால் மலைச்சரிவு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். மேலே மேயும் ஆடுகள் அதோடு சேர்ந்து உயர்ந்து தாழும், ஒன்றும் நடக்காததுபோல் மென்றுகொண்டே இருக்கும். ஏரியில் மதிய நேரத்தில் மழை கீழிருந்து மேலே பெய்யும். தண்ணீரிலிருந்து துளிகள் கிளம்பி, அவசரமில்லாமல், மேகத்தைத் தேடிக்கொண்டு போகும். ஓடிக்கொண்டே இருந்த காலத்தில் இவர் இதையெல்லாம் பார்த்ததே இல்லையாம். அம்புக்குறியைத்தான் பார்த்தாராம். ஏரிக்கரையில் நின்று நாங்கள் இருவரும் அந்த மழை முடியும் வரை பார்த்தோம். டீ ஆறிப்போனது.

போகப் போக அந்த ஊர்க்காரர்களுக்கும் பெயர் வந்துவிட்டது. பாலத்தில் எப்போதும் சாய்ந்து நிற்கும் காவல்காரன் தூங்குமூஞ்சி. புகை வீட்டில் மீன் சுடுகிறவன் ரெண்டு தொப்பி. அவர்கள் பேசுவது திரையின் கீழே எழுத்தாக வரும். இவர் அதைக் கண்டக்டர் குரலில் உரக்க வாசிப்பார். "பாலம் பாலம் பாலம்! மழை வரும்போல இருக்குப்பா, பார்த்துப் போ!" நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவேன். கடையில் யாராவது எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொன்னால் எனக்கு அந்த ஏரி ஞாபகம் வந்துவிடும். இவர் குரலை மறுபடி கேட்கிறேனே என்று உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

தாடிக்காரர் முதலிலேயே ஒரு குதிரை கொடுத்திருந்தார். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அது வாலை ஆட்டிக்கொண்டு இவர் பின்னாலேயே நடந்து வரும். இவர் ஏறவே மாட்டார். ஏன் என்று மகள் கேட்டதற்கு, "அது ஸ்பேர்" என்றார். டிப்போவில் எப்போதும் ஒரு பஸ் சும்மா நிறுத்தி வைத்திருப்பார்கள், அதுமாதிரியாம். குதிரைக்கு ஸ்பேர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அப்பா ரசித்து ஆடுகிறார் என்று மகளுக்குப் பெருமை.

பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறவளுக்குச் சிலது தெரியும். காற்றாலை முற்றத்தில் மாவு மூட்டைகள் வழியில் கிடக்கும். ஒவ்வொரு மூட்டைக்கு முன்னாலும் இவர் நின்றுவிடுவார். சுற்றி வந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தாண்டுவார். "உங்கப்பா மூட்டைக்கெல்லாம் வழி விடுறாரு" என்று மகளிடம் சிரிப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்காமலே பேச்சை மாற்றிவிட்டேன். ஸ்பேர் ஏன் ஸ்பேராகவே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு கூடைக்காரி வந்தாள். ஒருநாள் ஒற்றை மரத்தடியில், தூறலில், பேரிக்காய்க் கூடையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள். எழுத்து வந்தது. எல்லோருடையதையும் உரக்க வாசிக்கிற மனுஷன் அவளுடையதை வாசிக்கவில்லை. நானே மனதுக்குள் வாசித்தேன். கால் பிசகிவிட்டது, கலங்கரை விளக்கத்தடியில்தான் என் வீடு, இருட்டுவதற்குள் உன் குதிரையில் ஏற்றிக்கொண்டு போய் விடுவாயா? இவ்வளவுதான் கேட்டாள். இவர் திரும்பி நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். அந்த ராட்சசனைப் போலத்தான் இவளும், எத்தனை நாளானாலும் காத்திருப்பாள். இவர் ஒற்றை மரம் ஸ்டாப்பையே ரூட்டிலிருந்து எடுத்துவிட்டுக் காட்டுக்குள் சுற்றிப் போக ஆரம்பித்தார். ஸ்டாப்பில் ஆள் நிற்கும்போது நிறுத்தாமல் போகிற டிரைவரை இவருக்குக் கண்டாலே ஆகாது. இப்போது இவரே அதைச் செய்தார். சாப்பாட்டில் மறுபடி பேச்சு நின்றுபோனது.

அந்த நேரம் பார்த்து டிப்போ மேனேஜரிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வண்டி எடுப்பதென்றால் எடுக்கலாம். இல்லையென்றால் தொலைந்த சாமான் அறைக்கு ஒரு ஆள் தேவை. பஸ்ஸில் விட்டுப்போன பையும் செருப்பும் வைக்கிற அறை அது. அங்கே போன டிரைவர் எவரும் திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்ததில்லை. முன்பெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தவரே இவர்தான்.

"அங்கேயே போயிடறேன். நிழல்ல உட்கார்ந்து செய்யுற வேலை" என்றார்.

வேண்டாம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எனக்குக் கொட்டாவி கதை வேண்டும், மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதா என்று தெரிய வேண்டும். ஒரு சாமான்போல் இவரையும் அந்த அலமாரியில் வைத்துவிடுவார்களே என்று பயமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும். போய்ப் பாத்திரம் தேய்த்தேன்; பாத்திரங்கள் பட்ட பாடு அவற்றுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை இவர் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒரு பச்சைக் குடை இருந்தது.

"அலமாரியில இருந்துச்சு. யாரும் கேட்டு வரலையாம்" என்றார். டிவிக்குப் பக்கத்து மூலையில் சாய்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்ததும் கேமைப் போட்டார். காற்றாலை, பாலம், ஏரிக்கரை, புகை வீடு. அன்றைக்குக் காட்டுக்குள் திரும்பவில்லை. நேரே ஒற்றை மரத்துக்குப் போனார். கூடைக்காரி நொண்டிக்கொண்டு வந்தாள். இவர் கன்ட்ரோலரை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீ கொண்டுபோய் விடு."

"நானா? எனக்கு மிக்ஸி பட்டனே ஒழுங்கா அமுக்கத் தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சும்மா விடு. அவ நின்னுக்கிட்டே இருக்கா."

எதை அமுக்கினேனோ, ஸ்பேர் மேல் ஏறிவிட்டேன். கூடைக்காரியும் பின்னால் ஏறிக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. இத்தனை நாள் சும்மா நடந்து வந்த குதிரை பிய்த்துக்கொண்டு ஓடி, வேலியில் மோதி, சடாரென்று நின்றது. கூடைக்காரி என் தலைக்கு மேலே பறந்து போய் நாணல் புதரில் தலைகுப்புற விழுந்தாள். பேரிக்காய்கள் எல்லாப் பக்கமும் உருண்டன.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். திரும்பி இவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

புதர் அசைந்தது. கூடைக்காரி எழுந்தாள். பாவாடையை உதறினாள். கூடையை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குதிரையிடம் வந்தாள். எழுத்து வந்தது. இவர் வாசிக்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. நான் பதற்றத்தில் வேறு எதையோ அமுக்க, ஸ்பேர் ஓடைக்குள் இறங்கியது. மறுபடி விழுந்தாள். நனைந்துபோய் எழுந்து, மறுபடி உதறிக்கொண்டு, மறுபடி வந்தாள். அதே எழுத்து.

அப்போது இவர் வாசித்தார். கண்டக்டர் குரலில் இல்லை. சொந்தக் குரலில், மெல்ல வாசித்தார்.

"நான் இன்னும் வீடு போய்ச் சேரல. ஏத்திக்கோ."

இவர் அழுதுகொண்டிருந்தார். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, என் மடியிலிருந்து கன்ட்ரோலரை எடுத்தார்.

"இப்படியா ஓட்டுவ? கொடு இங்க."

ஸ்பேர் மெல்லக் கிளம்பியது. அன்றைக்குப் போன அந்தச் சவாரியை நான் மறக்க மாட்டேன். கடலோரப் பாதையில் பனி இறங்கியிருந்தது. பனிக்குள் ஒரு பக்கம் அலைச் சத்தம், மறு பக்கம் மலையின் மூச்சு. குதிரையின் குளம்புச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. மேடு வந்தால் கொஞ்சம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்தார். வளைவில் கூடைக்காரி சாயாதபடி அகலமாகத் திருப்பினார். இத்தனை வருஷம் பஸ்ஸை எப்படி ஓட்டினார் என்பதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. பனி கொஞ்சம் விலகும், இரண்டு நிலா தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். பாதை நடுவில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. குழந்தை உயரம். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்பேர் அலுங்காமல் நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தார். கரையில் ஒதுங்கிய வலைச் சுருள்.

"மூட்டை" என்றார்.

"பார்த்தேன். எனக்கும் குழந்தை மாதிரிதான் தெரிஞ்சுது" என்றேன். பொய்யில்லை.

கலங்கரை விளக்கத்தடியில் கதவு திறந்திருந்தது. கூடைக்காரி இறங்கி, கூடையில் மிச்சமிருந்த ஒரே பேரிக்காயை இவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னலில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு இவர் டிவியை அணைத்தார். மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு, "கிளம்பு" என்றார்.

பச்சைக்குடை ஏறும் ஸ்டாப்பில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர் என்பதும், தனியாக இருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நடை பழகும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். இவரை அடையாளம் தெரிந்ததும் முகம் சுருங்கியது.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்று இவர் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"வலிக்காம? இந்த வயசுல நடக்கப் பழகிக்கிட்டிருக்கேன். ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கல நீங்க."

"தப்புதாம்மா."

"அன்னைக்கு அது நிஜமாவே குழந்தையா இருந்திருந்தா?"

"பிரேக் போட்டிருப்பேன்."

"அதைத்தானே போட்டீங்க?" என்றவர் குடையை வாங்கி, விரித்துப் பார்த்து, மடக்கினார். கோபம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. "இப்ப வர்ற டிரைவர் நான் குடையைத் தூக்கினாலும் நிக்கமாட்டானாம். பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நான் நடந்து ஸ்டாப் வரைக்கும் வந்துடுவேன், டிரைவர் சார். அதுக்கப்புறம் என்னை யாரு ஏத்திக்குவா?"

அதற்கான பதிலை இவர் திங்கட்கிழமை மேனேஜரிடம் சொன்னார்.

இப்போது நானும் கடைக்கு அந்த பஸ்ஸில்தான் போகிறேன். இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முதல் நாட்களில் இவர் கழுத்து வியர்த்து நனைந்திருக்கும். என்னைக் கண்ணாடியில் அடிக்கடி பார்ப்பார். இறக்கம் வந்தால் இருவரும் பேச மாட்டோம். நாளாக ஆகக் கழுத்து காய்ந்தது. வீட்டில் சாயங்காலம் ஸ்பேர் மேல் ஏறி அதே ரூட்டில்தான் போகிறோம். ராட்சசன் நிம்மதியாகத் தூங்குகிறான்.

போன வாரம் ஒரு காலை நல்ல பனி. மேட்டுக் குடியிருப்புக்கு முந்தின ஸ்டாப்பில், மழையே இல்லாமல், பனிக்குள்ளிருந்து ஒரு பச்சைக் குடை மேலே எழுந்தது. பஸ் அலுங்காமல் போய் அதன் பக்கத்தில் நின்றது. அவர் ஒரு கையில் தடியும் ஒரு கையில் குடையுமாக ஏறினார். ஒரு படி, மூச்சு, இன்னொரு படி. இவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடம் தேடி, உட்கார்ந்து, கம்பியைப் பிடிக்கும் வரை கியரைத் தொடவில்லை. பின்னால் ஒரு கார்க்காரர் உலகம் அழியப்போவதுபோல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.